விடுமுறை முடிந்தும் தீராத சோர்வு: ஆசிரியர்களே, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

செந்தூல் ஆசிரியை:

வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் 11 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். கடந்த வாரம் ஒன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ழகரத்தை முதன்முறையாகச் சரியான சுழியுடன் எழுதிவிட்ட மகிழ்ச்சியில் ஏட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு ஓடி வந்தாள். வருகைப் பதிவை நிரப்பிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தும் பாராமல், “பிறகு பார்க்கிறேன், போய் உட்கார்” என்று சொல்லிவிட்டேன். மாலையில் ஏடுகளைத் திருத்தும்போதுதான் அந்தப் பக்கத்தைக் கண்டேன். ஒரு வரி முழுக்க ழகரம்; கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் அவளே பென்சிலால் ஒரு நட்சத்திரம் போட்டு வைத்திருந்தாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் நன்றாக ஓய்வெடுத்த பிறகும், ஞாயிறு மாலையானால் வயிற்றைப் பிசைகிறது. நாள் பாடத்திட்டம், வகுப்புசார் மதிப்பீட்டுப் பதிவு, புறப்பாடக் கோப்புகள், இரவு பதினொரு மணிக்கும் ஓயாத புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள் என்று எதுவும் முடிவதில்லை. விருப்ப ஓய்வு பெற்றுக்கொள் என்கிறார் கணவர். கற்பிப்பது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பினாங்கு மூத்த ஆசிரியர்:

அம்மா, அந்த நட்சத்திரத்தை எண்ணி வருந்துகிறீர்கள் என்றால் உங்களுக்குள் இருக்கும் ஆசிரியைக்கு ஒன்றும் ஆகவில்லை. களைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எனக்கு இந்நிலை வந்தபோது முதலில் மாற்றியது திருத்தும் முறையைத்தான். ஒரு கட்டுரையில் உள்ள எல்லாப் பிழைகளையும் சிவப்பு மையால் வளைப்பதை நிறுத்தினேன். இந்த வாரம் ஒற்றுப்பிழை மட்டும், அடுத்த வாரம் வாக்கிய முடிவு மட்டும் என்று முன்கூட்டியே மாணவரிடம் சொல்லிவிடுவேன். திருத்தும் நேரம் பாதியாகக் குறைந்ததோடு, மாணவரும் அந்த ஒரு பிழையை உண்மையாகவே கவனிக்கத் தொடங்கினர். வகுப்புசார் மதிப்பீட்டையும் தவணை முடிவில் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். முப்பது மாணவர் இருந்தால் நாளொன்றுக்கு ஐந்து பேரை மட்டும் கூர்ந்து கவனித்து, வகுப்பிலேயே அவர்களின் அடைவுநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு பள்ளி நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

ஏடுகளை வீட்டுக்குக் கொண்டுசெல்லாமல் பள்ளியில் அரைமணி நேரம் கூடுதலாக இருந்து முடிப்பது என் வழக்கம். இரவு எட்டுக்குப் பின் புலனத்தைத் திறப்பதில்லை. அதைப் பெற்றோரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பணிவாகத் தெரிவித்துவிடுவேன். மாலையில் தண்ணீர்மலைப் பக்கம் நடக்கச் செல்வேன், கைப்பேசி இல்லாமல்.

சிறுபள்ளி ஆசிரியை:

ஐயா சொல்வது நல்ல வழிதான். ஆனால் 150 மாணவருக்கும் குறைவான பள்ளியில் பணியாற்றிய அனுபவத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய பள்ளியில் உள்ள அத்தனை பொறுப்புகளும் சிறிய பள்ளியிலும் உண்டு; அவற்றைச் சுமக்கக் கைகள்தாம் குறைவு. அங்கே ஐந்து செயற்குழுக்களுக்கு நான் செயலாளராக இருந்தேன். நேரத்தைத் திட்டமிடத் தெரியாதவள் என்று என்னையே நொந்துகொண்டு ஈராண்டுகளை வீணாக்கினேன். ஆசிரியரின் மன அழுத்தத்தை அவரது தனிப்பட்ட குறையாக மட்டும் பார்ப்பது நியாயமே இல்லை.

இறுதியில் ஒரு வாரம் முழுவதும் நான் செய்த கற்பித்தல் சாராத வேலைகளை, ஒவ்வொன்றும் எடுத்துக்கொண்ட நிமிடங்களோடு ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். புலம்பலாகச் சொன்னபோது கேட்காதவர், கணக்காகக் கண்டபோது கேட்டார். நான்கு கூட்டங்கள் ஒரே கூட்டமாயின. இரண்டு பொறுப்புகள் வேறொருவருக்குப் போயின. எல்லாத் தலைமையாசிரியரும் இப்படி இருப்பார்கள் என்று உறுதிகூற முடியாது. ஆனாலும் எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

வழிகாட்டி ஆசிரியர், பெட்டாலிங் ஜெயா:

சகோதரி, பள்ளியில் ஆலோசகராக இருப்பதால் ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துகிறேன். பணிச்சோர்வு என்பது சோம்பலோ மனவலிமைக் குறைவோ அன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தால் விளையும் தொழில்சார் நிலை என்று இதை வரையறுத்தது. உளவியல் அறிஞர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதற்கு மூன்று கூறுகளைச் சொல்வார்: உணர்வு வறண்டுபோதல், நாம் யாருக்காக உழைக்கிறோமோ அவர்களிடமிருந்தே மனம் விலகிப்போதல், எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். நிமிராமல் “போய் உட்கார்” என்றீர்களே, அது இரண்டாவது கூறின் அறிகுறியாக இருக்கக்கூடும். ஒரு நாள் நிகழ்ந்தால் கவலையில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தால் அலட்சியம் கூடாது.

அரசு சுகாதார மருந்தகங்களில் (கிளினிக்) மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றை அளக்கும் 21 கேள்விகள் கொண்ட வினாத்தாள் உண்டு. சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். உறக்கமின்மை தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணில் பேசலாம். மனம் விட்டுப் பேச உதவும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் தொலைபேசிச் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது. விருப்ப ஓய்வு பற்றிய முடிவைச் சற்றுத் தள்ளிவையுங்கள். மிகவும் களைத்திருக்கும் வேளையில் எடுக்கும் முடிவு உங்களுடையதா, களைப்பினுடையதா என்று பிரித்தறிவது கடினம்.

செந்தூல் ஆசிரியை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நிமிடக் கணக்கை எழுதத் தொடங்கிவிட்டேன். மூன்று நாளிலேயே தாள் நிரம்பிவிட்டது. வெள்ளிக்கிழமை மருந்தகம் செல்கிறேன்.

இன்று காலை அந்தச் சிறுமியை அழைத்து வெண்பலகையில் ழகரம் எழுதச் சொன்னேன். கை எட்டவில்லை, நாற்காலி போட்டுக் கொடுத்து, அவள் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். வருகைப் பதிவு ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் போனது.