யாரை நம்பிக் கடை நடத்துகிறீர்கள்? மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார அனுபவங்கள்

காலைக்கடை அக்கா

கடன் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை, "நம்மவர்களுக்கு ஒதுக்கிய பணம் அப்படியே கிடக்குது அக்கா, கேக்க ஆளில்ல" என்ற அதே வசனம். பசார் கூட்டம் நெரிகிற நேரம். கல்லில் தோசை கருகுகிறது, தப்பாவ் (பொட்டலம்) கேட்டு நாலு பேர் நிற்கிறார்கள், இவர் ஐசியைக் (அடையாள அட்டையை) கொடுங்கள், ஒரு படம் மட்டும் என்கிறார். எடுத்து மேசையில் வைத்தேன். அவர் போனை மேலே தூக்கிப் பிடித்தார்.

பக்கத்து மீன் கடைக்காரர் சீனர். என்னிடம் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் எழுந்து வந்து, செதில் ஒட்டிய கையை என் ஐசி மேல் வைத்து அப்படியே மூடிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை, கையையும் எடுக்கவில்லை. சட்டைக்காரர் சிரித்துப் பார்த்தார், "அங்கள், இது அரசாங்க வேலை" என்றார், அப்புறம் போய்விட்டார். ஐசியில் மீன் வாடை, துடைத்தும் போகவில்லை.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மதியம் கேட்டேன். "விண்ணப்பப் பாரம் இல்ல, பேனா இல்ல, போன் மட்டும் இருக்கு. அது என்ன ஆபீசர்?" என்று மலாயில் சொல்லிவிட்டு ஐஸ் கொட்டப் போய்விட்டார். இதில் என் மனசை அரிப்பது என்னவென்றால், அதே பசாரில் என் சாதிசனம், என் கோயில் கமிட்டி, என்னை "அக்கா அக்கா" என்று கூப்பிடுகிற எத்தனையோ பேர் அன்றைக்கு அங்கே தேநீர் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

லோரி தம்பி

கோபப்படாதீங்க அக்கா, ஆனால் மீன் கடைக்காரருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? என் அண்ணி இந்த மாதிரி ஒருவர் மூலமாகத்தான் விண்ணப்பம் போட்டார். 10,000 வெள்ளி (ரிங்கிட்) வந்தது, அவர் 1,000 கேட்டார், கொடுத்தாயிற்று, வேலை நடந்தது. அண்ணிக்கு மலாய் பாரம் நிரப்ப வராது, அலைய நேரமும் இல்லை. வருகிறவனையெல்லாம் திருடன் என்றால் நாளைக்கு உண்மையிலேயே உதவ வருகிறவனும் வரமாட்டான். தேநீர் குடித்தவர்களையும் திட்டாதீங்க, அவர்களும் அந்த ஆளை உங்கள் சொந்தக்காரர் என்று நினைத்திருக்கலாம்.

கிராணி மகன்

லோரி தம்பி, உங்கள் அண்ணி அந்த 1,000 வெள்ளியை எதற்குக் கொடுத்தார்? சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசாங்க அமைப்பான தெக்குனில் இந்தியர்களுக்கு ஸ்பூமி என்று தனித் திட்டமே இருக்கிறது, விண்ணப்பிக்கக் காசு கிடையாது, இடைத்தரகர் யாரையும் வைத்திருக்கவில்லை என்று அவர்களே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அண்ணி இப்போது 10,000க்கும் சேர்த்துத் திருப்பிக் கட்டிக்கொண்டிருப்பார், கையில் வந்தது 9,000.

என் அனுபவம் சின்னதுதான். நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். ஓர் ஒட்டுக்கடை அம்மா ஒருநாள் உரச்சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவிழ்த்துக் கவிழ்த்தால் ரசீது, வெற்றிலைக்காம்பு, 555 என்ற சின்னக் கணக்குப் புத்தகங்கள், நடுவில் ஒரு செத்த பல்லி. "இதுல எவன் என்னை ஏமாத்துறான்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றார். கண்டுபிடித்தேன். சொந்தத் தம்பி மகன். அந்தம்மாவிடம் அதைச் சொன்ன அன்றைக்கு அவர் பல்லியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாக்கை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனார். இன்னும் அந்தப் பையன்தான் கடையில் கல்லாவில் இருக்கிறான்.

சரி, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். முதலில் எஸ்எஸ்எம் என்கிற நிறுவன ஆணையத்தில் வியாபாரப் பதிவு. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். ஐசியில் உள்ள உங்கள் சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்கென்று தனிப்பெயர் வைத்தால் 60. இதற்கும் ஆள் வைத்து 300 கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அடுத்தது லைசென்ஸ், நம் ஊருக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம். சாப்பாட்டுக் கடை என்றால் டைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும். இந்தக் காகிதங்கள் கையில் இருந்தால் எந்தச் சட்டைக்காரரும் உங்களுக்குத் தேவையில்லை. பெண்கள் என்றால் அமானா இக்தியார் என்ற சிறுகடன் அமைப்பில் 2024இல் இந்தியப் பெண்களுக்கென்றே 'பென்' என்று ஒரு திட்டம் வந்தது, விசாரியுங்கள். அப்புறம் லைட்டுக் கம்பத்தில் ஒட்டுகிற வட்டிக் கடன் விளம்பரம். 1951ஆம் ஆண்டு வட்டிக்காரர் சட்டத்தில் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, அடமானம் இருந்தால் 12. கம்பத்தில் நம்பர் ஒட்டுகிறவன் அதை வாரக் கணக்கில் வாங்குகிறான். வங்கிக் கடனில் மாட்டிக்கொண்டவர்கள் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகேயிடம் போங்கள், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது, ஆலோசனை இலவசம். ஈப்போவில் கிளை இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

பூக்கடை

அண்ணே, நீங்கள் சொன்ன காகிதமெல்லாம் என்னிடம் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் போய்விட்டது. மல்லியும் ரோஜாவும் வந்து இறங்குகிற நேரம். அன்றைக்கு விண்ணப்பம் போட்டால் பதில் பொங்கலுக்கு வரும்.

நாங்கள் கூட்டு, அதாவது சீட்டு, பிடிப்பவர்கள். 12 பேர், ஆளுக்கு மாதம் 200. தலைவி பழைய தோட்டத்துப் பாட்டி, பால்மரம் வெட்டிய கை, எழுத்துத் தெரியாது, யார் எந்த மாதம் எடுத்தார்கள் என்று கேட்டால் மூன்று வருஷத்துக்கு முந்தினதையும் சொல்வார். அவர் வீட்டு வாசற்படியில் மைலோ டின்னில் சீட்டைக் குலுக்கிப் போட்டார்கள். தையல்கார அக்காவுக்கு விழுந்தது. சீட்டைப் பிரித்தார், பார்த்தார், திரும்ப நாலாக மடித்து என் கைக்குள் வைத்து விரல்களை மூடிவிட்டார். "பூ காயும், துணி காயாது" என்று சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். 2,400 வெள்ளி. அன்று மாலையே கம்ப்ரசர் மாற்றினேன்.

என் மாதம் வந்தபோது நான் அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன், கணக்கு நேராகிவிட்டது. ஆனால் அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. புது மெஷின் வாங்கத்தான் அவர் அந்தப் பணத்துக்குக் காத்திருந்தார் என்றும், பழைய மெஷின் நடுவில் நின்றுபோய்ச் சீருடை ஆர்டர் பாதி வேறு கடைக்குப் போய்விட்டது என்றும் இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் இதுவரைக்கும் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை பூ வாங்க வருகிறார், காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். வேண்டாம் என்றால் தட்டில் வைத்துவிட்டுப் போகிறார்.

கிராணி மகன்

கதை நன்றாக இருக்கிறது தங்கச்சி, ஆனால் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டுக்குத் தடைச் சட்டம் 1971இலேயே வந்துவிட்டது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்தால் குற்றம். உங்கள் பாட்டி நல்லவர். நாளைக்கு ஒரு புதிய ஆள் முதல் மாதமே எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போய்விட்டால் எந்த ஸ்டேஷனில் போய் என்னவென்று புகார் எழுதுவீர்கள்?

நம் ஊரில் பிறந்தவர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, வேலையும் போய் வீடும் போய்ச் சனங்கள் நடுத்தெருவில் நின்றபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அதுவும் தோட்டத்துப் பாட்டிகளின் காசுதான். ஆனால் பதிவு இருந்தது, பங்குப் பத்திரம் இருந்தது, ஆண்டுக்கூட்டத்தில் கணக்குக் கேட்கலாம். அந்தக் காசு தோட்டமே வாங்கியது. அதைத்தான் நம்பிக்கை என்று நான் சொல்வேன்.

பூக்கடை

அந்தப் பத்திரம் எங்கள் ஆயாவிடமும் இருந்தது அண்ணே, தகரப் பெட்டியில் தாலிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதே ஆயாதான் கூட்டும் பிடித்தார். தோட்டம் வாங்க ஒன்று, மருந்து வாங்க ஒன்று. ஏன் இரண்டையும் சண்டைக்கு விடுகிறீர்கள்? சிங்கப்பூர் ஓடியவர் கதையும் எங்களிடம் உண்டு, பாட்டி தன் காதுத் தோட்டை அடகு வைத்து அந்த ஆளின் மாதத்தைக் கட்டி முடித்தார். அதற்கு எந்தச் சட்டம் என்று தெரியவில்லை. சரி, ஒன்று கேட்கிறேன், உங்கள் அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில் கூட்டில் இல்லையா?

கிராணி மகன்

இருந்தார். இரண்டு கூட்டு. அது வேறு விஷயம்.

சலூன் கடை

ஆள் பிரச்சினை பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. முடிவெட்டும் கடை, துணிக்கடை, நகைக்கடை மூன்றுக்கும் 2009இல் வெளிநாட்டு ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள், 2023இல்தான் 7,500 பேர் என்று திறந்தார்கள், அதில் எங்கள் கடைக்கு எத்தனை என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். ஆகக் கடையில் நான் ஒருவன்தான். நான் படுத்தால் கடை படுத்தது.

எதிர்வரிசையில் இன்னொரு சலூன். அவருக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. அவர் 12 வெள்ளி என்று எழுதினால் நான் 10 என்று எழுதுவேன், அவர் உடனே 9. அப்பெண்டிக்ஸ் வெடித்து என்னை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீடு திரும்பி, மனைவியைக் கூட்டிக்கொண்டு கடையைப் பார்க்கப் போகிறேன், ஷட்டர் பாதி திறந்திருக்கிறது. உள்ளே என் நாற்காலியில் என் வாடிக்கைக்காரர், தாடியெல்லாம் நுரை. வெட்டிக்கொண்டிருப்பவர் எதிர்க்கடைக்காரர். அவருடைய கத்தரி, என்னுடைய துணி. கண்ணாடியில் என்னைப் பார்த்தார், திரும்பவில்லை, கன்னத்தை முடித்துவிட்டுத்தான் கத்தியை வைத்தார். மேசை லாச்சியைத் திறந்து காட்டினார். பணம் ரப்பர்பேண்டு போட்டு இருந்தது, மேலே 555 புத்தகம், ஒவ்வொரு நாளும் எத்தனை தலை, எத்தனை தாடி. காலையில் அவர் கடை, மாலையில் என் கடை. என் மனைவிதான் சாவி கொடுத்திருக்கிறாள், என்னிடம் சொன்னால் தையல் பிரியக் கத்துவேன் என்று மறைத்துவிட்டாள்.

அவருக்குப் பாதிப் பணத்தைக் கொடுத்தேன், வாங்கவில்லை. சரி, இனிமேல் இருவரும் ஒரே விலை வைத்துக்கொள்வோம் என்றேன். தலையை ஆட்டினார். மறுநாள் காலை அவர் கடைப் பலகையில் 8 வெள்ளி. இவரை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது, யாராவது சொல்லுங்கள்.

லோரி தம்பி

அண்ணே முதலில் பெர்கேசோ, அந்தச் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி, போடுங்க. சுயதொழில் செய்கிறவர்களுக்கென்று 2017இல் தனிச்சட்டம் வந்துவிட்டது, முதலில் டாக்சிக்காரர்களுக்கு இருந்தது, இப்போது எங்களை மாதிரி ஆட்களுக்கும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை கட்டினால் போதும். நான் லோரி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து கட்டுகிறேன், ஒரு தடவை தக்காளிப் பெட்டி காலில் விழுந்து விரல் முறிந்தபோது கிளினிக் காசு, படுத்திருந்த நாளுக்குப் பணம் எல்லாம் வந்தது. எதிர்க்கடைக்காரர் வருவார் என்று நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது. வாடகையும் ஒரு மாதத்துக்கு முன்பணமாகத் தனியே ஒதுக்கி வையுங்கள், நாற்காலியை வாடகைக்கு விடலாம், மாமன் மகன் யாராவது இருந்தால் தொழில் கற்றுக்கொடுங்கள், கடைக்கு சிசிடிவி வையுங்கள், சாவியை மனைவியிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

காலைக்கடை அக்கா

தம்பி, அப்பெண்டிக்ஸுக்கு அது வராது. வேலையில் நடக்கிற விபத்துக்கும் தொழில் நோய்க்கும்தான். அவர் கத்தரியால் வயிற்றைக் குத்திக்கொள்ளவில்லை. சலூன் அண்ணே, 8 வெள்ளிக்கு நானாக இருந்தால் போய்ச் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டுவிட்டு ஒரு பொட்டலம் வடையும் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

முறுக்கு ஆன்லைன்

வீட்டில் முறுக்கு சுட்டு இணையத்தில் விற்கிறேன். தொழில்முனைவோர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். காலையில் ரோஜாப்பூப் படம், இரவில் தன்னம்பிக்கை வீடியோ, நடுவில் யாராவது விருது வாங்கிய படம். முறுக்கு அடைக்கிற ஜிப் பை எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று கேட்டேன். கட்டைவிரல், கைகூப்பு, "வாழ்த்துகள் சிஸ்டர்", எத்தனையோ வந்தது, கடையின் பெயர் மட்டும் வரவில்லை.

இரவு பதினொரு மணிக்குத் தனியாக ஒரு செய்தி. அதே குழுவில் இருக்கும் ஓமப்பொடி வியாபாரி, என் நேர்ப்போட்டி, கோயில் திருவிழாவில் எனக்கு எதிரேதான் கடை போடுவார். அவர் வாங்கும் பில்லையே படம் எடுத்து அனுப்பியிருந்தார். கடைப் பெயர், ஆயிரம் பை என்ன விலை, எல்லாம் தெரிகிறது. அதற்குக் கீழே மாவு என்ன விலை, எண்ணெய் என்ன விலை, பாக்கெட்டுக்கு அவருக்கு என்ன மிஞ்சுகிறது என்றுகூடக் கையால் எழுதியிருந்தார். என் அண்ணனே தன் கடை அடக்க விலையை என்னிடம் சொன்னதில்லை. கடைசியில், "குரூப்ல போட வேண்டாம்மா" என்று ஒரு வரி.

ஏன் எனக்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நீங்க விலை தெரியாம ரெண்டு வெள்ளிக்கு விக்கிறீங்க, என் ஓமப்பொடியையும் எல்லாரும் ரெண்டு வெள்ளிக்குக் கேக்கிறாங்க" என்று பதில் வந்தது. அதில் தியாகம் ஒன்றுமில்லை, ஆனால் அதற்குப் பிறகு எண்ணெய் விலை ஏறினால் நான் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். இப்போது ஈப்போவிலிருந்து ஒரு பெண், புதிதாக ஆரம்பித்தவள், அதே ஜிப் பை கேள்வியை என்னிடம் கேட்கிறாள். அந்த பில்லை அவளுக்கு அனுப்பலாமா? அவரைக் கேட்காமல் அனுப்பவும் மனசு வரவில்லை, கேட்டால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றும் இருக்கிறது.

பூக்கடை

கேட்டுவிட்டு அனுப்பு தங்கச்சி. வேண்டாம் என்றால் கடைப் பெயரை மட்டும் சொல்லு, அவர் கணக்கைச் சொல்லாதே.

கிராணி மகன்

அது இருக்கட்டும், பாக்கெட்டில் லேபிள் ஒட்டுகிறீர்களா? 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி என்னென்ன சேர்த்தது, எடை எவ்வளவு, தயாரித்தவர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். ஒரு பாக்கெட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.