புது ஸ்பிரிங் போட்டதிலிருந்து வண்டி ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது – அவசர உதவி

மண்தடம் | வெள்ளி இரவு 10:42
வணக்கம். நான்கு சக்கரத்துக்கும் புது ஸ்பிரிங் மாற்றினேன். நானே வீட்டில் வைத்து மாற்றினேன், இரண்டு நாள் ஆனது. இப்போது வண்டி இடது பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஓட்டினால் குதிக்கிறது, பழைய ஸ்பிரிங்கே இதைவிட மெத்தென்று இருந்தது. ஸ்டீயரிங்கும் லேசாக அலைகிறது. ஞாயிறு விடிகாலை மலைப்பாதைக்குக் கிளம்ப வேண்டும். ஸ்பிரிங் பழுதா? கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

இரண்டாம்கியர் | இரவு 10:51
என்ன வண்டி? காயில் (சுருள்) ஸ்பிரிங்கா, கமானா (பட்டை ஸ்பிரிங்)?

சேற்றுவண்டி | இரவு 10:55
முதலில் நான்கு டயரிலும் காற்றைப் பாருங்கள். ஒரு டயரில் காற்று இறங்கியிருந்தால் வண்டி சாயும், ஸ்டீயரிங்கும் அலையும். என் வண்டியில் அப்படித்தான் ஆனது. இரண்டு நாள் கமானைத் தட்டிக்கொண்டே இருந்தேன், கடைசியில் வால்வு கசிவு.

அளவுகோல் | இரவு 11:08
தம்பி, வண்டி பெயர் இல்லை, ஆண்டு இல்லை, என்ன ஸ்பிரிங் என்று இல்லை, ஷாக் அப்சார்பர் மாற்றினீர்களா என்று இல்லை. "தூக்கி நிற்கிறது" என்றால் எவ்வளவு? பத்து மில்லிமீட்டரா, ஐம்பதா? டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? இங்கே புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், அதில் டயரும் சேர்ந்துவிடும்.

மண்தடம் | இரவு 11:20
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். லேண்ட் ரோவர் சீரீஸ் 3, 88 அங்குல வீல்பேஸ் (முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை), 1979, பெட்ரோல். வலது பக்க ஸ்டீயரிங். போட்டது பாராபோலிக் (நடுவில் தடித்து நுனியில் மெலிந்த பட்டைக் கமான்), முன்னால் இரண்டு பட்டை, பின்னால் இரண்டு பட்டை. ஷாக் பழையதுதான், ஒழுகவில்லை. டயர் காற்று சரியாக இருக்கிறது. மட்கார்டு விளிம்பிலிருந்து அளந்தால் இடது முன்பக்கம் 35 மி.மீ. அதிகம்.

இரண்டாம்கியர் | இரவு 11:26
அந்த வண்டியில் மட்கார்டை நம்பி அளக்காதீர்கள். அது போல்ட்டில் மாட்டிய தகடு. இத்தனை வருடத்தில் யார் யாரோ கழற்றி மாட்டியிருப்பார்கள், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆக்சில் மேலே வந்து இடிக்கும்போது தாங்க சேஸியில் இருக்கும் பம்ப் ரப்பருக்கும் ஆக்சில் குழாய்க்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளங்கள். அதுதான் ஸ்பிரிங் சொல்லும் கணக்கு.

அளவுகோல் | இரவு 11:31
சீரீஸ் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பேச்சு தேவையில்லை. இந்த வண்டிகளுக்குக் கம்பெனியிலிருந்தே ஓட்டுநர் பக்கக் கமான் வேறு, மறுபக்கக் கமான் வேறு. ஓட்டுநர் பக்கத்துக்கு வளைவு கூடுதல். ஏன் தெரியுமா? ஓட்டுநரும் அந்தப் பக்கம், அவர் இருக்கைக்குக் கீழே பெட்ரோல் டேங்கும் அந்தப் பக்கம். 45 லிட்டர் நிரப்பினால் எண்ணெய் எடையே 30 கிலோவைத் தாண்டும். நீங்கள் இடது வலது மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். கழற்றி மாற்றிப் போடுங்கள், முடிந்தது.

சேற்றுவண்டி | இரவு 11:38
அண்ணா, பல பட்டை அடுக்கிய பழைய வகை அடுக்குக் கமானுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் பாராபோலிக்கில் பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஸ்பிரிங்தானே வருகிறது?

மண்தடம் | இரவு 11:44
ஆமாம், முன் இரண்டிலும் ஒரே எண்தான் அடித்திருக்கிறது. போடுவதற்கு முன் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன், ஒரே வளைவு.

தார்ப்பாய் | இரவு 11:50
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் இதே 88 இருக்கிறது, டீசல். இன்னும் வாங்கவில்லை. பின்னால் இரண்டு பட்டையா மூன்று பட்டையா என்று குழப்பம். மூன்று வாங்கினால் எதற்கும் பயமில்லை என்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை நிறைய சாமான் ஏற்றுவேன்.

இரண்டாம்கியர் | சனி காலை 6:15
தார்ப்பாய், வருடத்துக்கு ஒரு நாள் ஏற்றும் சுமைக்காக மீதி 364 நாளும் முதுகை உடைத்துக்கொள்ள வேண்டாம். தினமும் வண்டியில் என்ன எடை இருக்கிறதோ அதற்குத்தான் ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னால் துணிக் கூரை, இரண்டு பேர், ஒரு டூல் பெட்டி என்றால் இரண்டு பட்டை போதும். தண்ணீர் டேங்க், கூரை மேல் கூடாரம், இரும்பு பம்பர் எல்லாம் நிரந்தரமாக இருந்தால் மூன்று. முன்பக்கத்துக்கு டீசல் என்று சொல்லிக் கேளுங்கள். இரண்டு எஞ்சினும் 2286 சி.சி.தான், ஆனால் டீசல் கனம் கூடுதல். பெட்ரோலுக்கான முன் ஸ்பிரிங்கைப் போட்டால் மூக்கு தாழ்ந்து நிற்கும்.

கமான்கை | காலை 6:40
மண்தடம் தம்பி, இரண்டு கேள்வி. நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.

ஒன்று, "குதிக்கிறது" என்றால் எப்படி? குழியில் விழுந்ததும் கட்டையால் அடித்தது போல ஒரே உதையாக முதுகில் ஏறுகிறதா? அல்லது குழியைத் தாண்டிய பிறகும் மூன்று நான்கு முறை மேலும் கீழும் ஆடுகிறதா? இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

இரண்டு, கமான் நுனியில் உள்ள வளையக் கண்ணில் போகும் போல்ட்டுகளையும், கமான் நுனியைச் சேஸியோடு இணைத்து ஆடவிடும் ஷேக்கிளின் போல்ட்டுகளையும் கடைசியாக இறுக்கியபோது சக்கரம் தரையில் இருந்ததா, தொங்கிக்கொண்டிருந்ததா?

வளைதண்டு | காலை 7:02
ஸ்டீயரிங் அலைகிறது என்றால் காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வுக் கோணம், போய்விட்டது. உயரம் கூடினாலே அப்படித்தான். ஆக்சிலுக்கும் கமானுக்கும் நடுவில் ஆப்புத் தகடு வையுங்கள். நான் எத்தனையோ வண்டிக்கு வைத்திருக்கிறேன்.

இரண்டாம்கியர் | காலை 7:10
அளக்காமல் ஆப்பு வைக்கச் சொல்லாதீர்கள். இந்த வண்டிக்குக் காஸ்டர் 3 டிகிரி. ஆப்பு வைத்தால் டிஃபரன்ஷியல் மூக்கும் சேர்ந்து திரும்பும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறும், அப்புறம் அதிர்வு என்று இன்னொரு இழை தொடங்க வேண்டியிருக்கும். சாய்வும் உதையும் தீர்ந்த பிறகு ஸ்டீயரிங்கைப் பார்க்கலாம்.

அளவுகோல் | காலை 7:25
எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். பழைய கமானையே வைத்துக்கொண்டு ஒரு பட்டை சேர்த்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பழைய இரும்பு நாளாக நாளாகக் கெட்டி குறைந்து மெதுவாகும், உண்மைதான். அதற்குப் பட்டை சேர்ப்பதுதான் வழி.

சேற்றுவண்டி | காலை 7:41
இதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது அண்ணா. ஸ்பிரிங் எஃகு வயதாகி மெதுவாகாது. ஒரே எடையை வைத்தால் புதிது எவ்வளவு தாழுமோ பழையதும் அவ்வளவுதான் தாழும். போவது உயரம். வளைவு நிரந்தரமாக இறங்கிவிடும், அதனால் பம்ப் ரப்பரில் சீக்கிரம் இடிக்கும். அதைத்தான் நாம் மெதுவாகிவிட்டது என்கிறோம். பட்டை சேர்த்தால் உயரம் கொஞ்சம் வரும், ஆனால் வண்டி தேவையில்லாமல் கெட்டியாகும்.

அளவுகோல் | காலை 7:58
நான் கையால் கழற்றிய கமான்களின் எண்ணிக்கை உங்களுக்குத் தெரியாது. முப்பது வருடக் கமானும் புதுக் கமானும் ஒன்று என்று பட்டறையில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

சேற்றுவண்டி | காலை 8:04
ஒன்று என்று சொல்லவில்லை. கெட்டித்தன்மை ஒன்று, உயரம் வேறு என்கிறேன்.

கமான்கை | காலை 8:30
இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எஃகின் குணம் மாறாது, சேற்றுவண்டி சொன்னது சரி. ஆனால் துரு பட்டையைத் தின்னும். பட்டையின் கெட்டித்தன்மை தடிமனின் மும்மடியில், அதாவது தடிமனை மூன்று முறை பெருக்கிய கணக்கில் போகும். 6 மி.மீ. பட்டை துருப்பிடித்து 5.5 ஆனால், பார்வைக்கு அரை மில்லிமீட்டர்தான், கெட்டித்தன்மையில் 23 சதவீதம் போய்விடும். அளவுகோல் அண்ணன் பட்டறையில் பார்த்தது அதுவாக இருக்கலாம். அதே துரு பட்டைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு வண்டியைக் கெட்டியாகவும் காட்டும். அதனால் கையால் அழுத்திப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

இது தனி விஷயம். தம்பி பதில் எங்கே?

மண்தடம் | காலை 11:15
வேலைக்குப் போயிருந்தேன். முன்னால் ஒரே உதை, கட்டையால் அடித்தது போல. பின்னால்தான் ஆடுகிறது, மூன்று தடவை.

போல்ட் விஷயம்: இடது பக்கத்தை முதல் நாள் செய்தேன். சேஸிக்கு ஸ்டாண்ட் வைத்து, ஆக்சில் தொங்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கிவிட்டேன், டார்க் ரெஞ்ச் வைத்துத்தான். வலது பக்கம் இரண்டாம் நாள். மழை வந்துவிட்டதால் போல்ட்டைக் கையால் மாட்டி, வண்டியை இறக்கி உள்ளே தள்ளிவிட்டு, அப்புறம் இறுக்கினேன். இது முக்கியமா?

கமான்கை | காலை 11:22
அதுதான் காரணம். ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை, திருப்பிக் கொடுக்காதீர்கள்.

அந்தக் கமான் கண்ணில் இருக்கும் புஷ்ஷை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். வெளியே ஓர் இரும்புக் குழாய், அது கண்ணுக்குள் இறுகியிருக்கிறது. உள்ளே சின்ன இரும்புக் குழாய், அதில்தான் போல்ட் போகிறது. நடுவில் ரப்பர், இரண்டு குழாயோடும் ஒட்டியது. போல்ட்டை இறுக்கினால் உள் குழாய் அசையாமல் பிடிபட்டுவிடும். அதன் பிறகு கமான் அசையும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் அசையும். அது வழுக்கிச் சுழல்வதில்லை.

ஆக்சில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பருக்கு அந்தத் தொங்கும் நிலைதான் ஓய்வு நிலை. வண்டி இறங்கியதும் எல்லா புஷ்ஷும் முறுக்கிக்கொண்டு, "என்னைப் பழைய இடத்துக்கு விடு" என்று வண்டியை மேலே தள்ளும். இடது பக்கம் தூக்குவதும் முன்னால் உதைப்பதும் இதனால்தான். வலது பக்கத்தை மழை காப்பாற்றியிருக்கிறது. அப்படியே ஓட்டினால் ரப்பர் கிழியும்.

செய்ய வேண்டியது: வண்டி சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில், கட்டை வைத்துத் தடுத்து. இடது பக்கக் கண் போல்ட், ஷேக்கிள் போல்ட் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். ஷேக்கிளில் ஒரு பக்கத் தகட்டில் மரை வெட்டியிருக்கும். முதலில் லாக் நட்டைத் தளர்த்தி, அப்புறம் போல்ட்டைத் திருப்புங்கள். நட்டை மட்டும் தளர்த்தினால் ஒன்றும் விடாது. தளர்ந்ததும் கட்டையை எடுத்துவிட்டு பம்பரில் ஏறி நின்று அழுத்தி விடுங்கள், வண்டியை இரண்டு மீட்டர் முன்னும் பின்னும் தள்ளுங்கள். மறுபடி கட்டை வைத்து அப்படியே இறுக்குங்கள். கடைசியில் லாக் நட்.

இரண்டாம்கியர் | காலை 11:35
கீழே போகும்போதே இன்னொன்றும் பாருங்கள். பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேடையில் உள்ள குழியில் உட்கார்ந்திருக்கிறதா? முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை இரண்டு பக்கமும் அளங்கள். 88 அங்குலம் என்றால் 2235 மி.மீ. ஒரு பக்கம் கணிசமாக மாறினால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது, ஸ்டீயரிங் அலைவதற்கு அதுவும் காரணமாகலாம். கமானை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் புதிதுதானே?

சேற்றுவண்டி | காலை 11:48
பின்னால் ஆடுவது ஷாக். அடுக்குக் கமானில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி ஆட்டத்தைப் பாதி அடக்கிவிடும், ஷாக் செத்திருந்தாலும் தெரியாது. பாராபோலிக்கில் பட்டைகள் நடுவிலும் நுனியிலும் மட்டும்தான் தொடும், உரசல் மிகக் குறைவு. முழு வேலையும் ஷாக் தலையில். ஒழுகவில்லை என்பதால் நல்ல ஷாக் என்று ஆகாது. நீளத்தையும் பாருங்கள். சேஸியைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டால் ஷாக் முழுதாக நீண்டு நின்றுவிடுகிறதா? அப்படியானால் அதுதான் ஆக்சிலைத் தாங்குகிறது, மேல் ரப்பர் பிய்ந்துவிடும். அதே நேரத்தில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். இதைப் பார்க்காமல் மலைப்பாதைக்குப் போகவே வேண்டாம்.

அளவுகோல் | மதியம் 12:20
புஷ் விஷயம் சரிதான். தொங்கும்போது இறுக்கியதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஷாக்கைக் கழற்றி, மூடிய நீளம், திறந்த நீளம் இரண்டையும் அளந்து எழுதுங்கள். அது இல்லாமல் எந்த ஷாக் என்று யாரும் சொல்ல முடியாது.

தார்ப்பாய் | மதியம் 1:05
பாலியூரித்தேன் புஷ் போட்டால் இந்தப் பிரச்சினை வராது என்கிறார்களே?

கமான்கை | மதியம் 1:30
அது ஒட்டியது இல்லை, உள் குழாய் மேல் சுழலும். அதனால் முறுக்கு ஏறாது. ஆனால் கிரீஸ் வறண்டால் கீச்சிடும், சேற்றில் சீக்கிரம் தேயவும் செய்யும். நான் ரப்பரையே போடுகிறேன், ஒழுங்காக இறுக்கினால் வருடக்கணக்கில் வரும்.

மண்தடம் | ஞாயிறு இரவு 9:50
மலைப்பாதைக்குப் போகவில்லை. நேற்று மாலை எல்லாவற்றையும் தளர்த்தினேன். முன் ஷேக்கிள் போல்ட் விட்டதும் டக்கென்று சத்தம், வண்டி இறங்கியது கண்ணுக்கே தெரிந்தது. பம்ப் ரப்பரிலிருந்து அளந்தால் இப்போது வித்தியாசம் 8 மி.மீ., டேங்க் நிறைந்திருக்கிறது. முன்னால் உதை இல்லை. ஸ்டீயரிங்கும் நேராகப் போகிறது. ஹப் அளவு இரண்டு பக்கமும் சரி. இடது முன் ஷேக்கிளின் கீழ்ப் புஷ் மட்டும் ஓரத்தில் கிழிந்திருக்கிறது, விரல் நகம் உள்ளே போகிறது. அதை மாற்ற வேண்டும். பின் ஷாக் இன்னும் கழற்றவில்லை. கமான்கை அண்ணாவுக்கு ரொம்ப நன்றி, எல்லோருக்கும் நன்றி.

கமான்கை | இரவு 10:05
நல்லது தம்பி. 8 மி.மீ. டேங்க் எடைதான், விடுங்கள். அந்தப் புஷ்ஷை மாற்றும்போதும் சக்கரம் தரையில் வைத்துத்தான் கடைசி இறுக்கு. 200 கி.மீ. ஓடியதும் யூ போல்ட் எட்டு ஜோடி நட்டையும் குறுக்குக் குறுக்காக ஒரு முறை இறுக்கிப் பாருங்கள், புதுக் கமான் உட்காரும்போது கட்டாயம் கொஞ்சம் தளரும்.