அக்டோபரில் ஒரு வாரம் ஐரோப்பா, எங்கே போகலாம்?

ஈசூன்காரி:
அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் லீவு, அம்மாவும் வருகிறார். வீட்டுக்காரர் பாரிஸ், சுவிஸ், ரோம் மூன்றும் வேண்டும் என்கிறார். முடியுமா?

தெம்பனிஸ் மாமா:
போக வரவே இரண்டு நாள் போய்விடும், மிச்சத்தில் மூன்று நாடா? வியன்னா, புடாபெஸ்ட் போதும்மா, நடுவில் ரயில் மூன்று மணி நேரம்கூட இல்லை. புடாபெஸ்டில் செச்சேனி வெந்நீர்க் குளம் திறந்தவெளியில் இருக்கிறது. முகத்தில் குளிர் அடிக்கும், கழுத்துவரை சூடு, சுற்றிலும் ஆவி. அம்மா முட்டிக்கு இதமாக இருக்கும்.

பொங்கோல்வாசி:
அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அப்புறம் வியன்னாவில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. வெயில் வேண்டுமென்றால் ஸ்பெயினில் செவில் பாருங்கள்.

ஈசூன்காரி:
சரி மாமா, ரயில்தான். அம்மாவை நீச்சலுடை போட வைப்பதுதான் பெரும்பாடு!