ஈரல் கொழுப்புக்குக் கீழாநெல்லி போதுமா?

வரப்போரம்: ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்று வந்திருக்கிறது. வயசு 44, எடை 82 கிலோ, கொஞ்சம் சர்க்கரையும் உண்டு. டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார், மாத்திரை எதுவும் எழுதவில்லை. எங்கள் ஆச்சி காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பாள். வயக்காட்டிலேயே கிடக்கிறது, தினமும் குடிக்கலாம் என்றிருக்கிறேன்.

தாமிரபரணிக்கரை: அண்ணாச்சி, காமாலை வேறு, இது வேறு. கீழாநெல்லி உலகப் பேர் வாங்கியது 1988இல். சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு அதைக் கொடுத்துப் பார்த்து லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் கிருமி சமாச்சாரம். உங்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் கொழுப்பு ஈரலில் தங்குகிறது.

பொதிகைக்காற்று: பச்சிலை என்றாலே தள்ளிவிடுவதா? சர்க்கரைக்கு ஊரே விழுங்கும் மெட்ஃபார்மின், கலேகா என்ற செடியில் இருந்த சத்தைப் பார்த்து உருவானதுதான். மஞ்சளின் குர்குமினைக் கொடுத்த பல சிறு சோதனைகளில் ரத்தத்தில் ஈரல் பாதிப்பைக் காட்டும் என்சைம் அளவு இறங்கியிருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்க, கேட்காமல் விடுவானேன்?

தாமிரபரணிக்கரை: கேளுங்கள், நான் தடுக்கவில்லை. வீட்டிலேயே அரைத்துக் குடிப்பதைத்தான் சொல்கிறேன். கலேகாவில் இருந்த சத்து நச்சுத்தன்மை உள்ளது. அதை ஒட்டிய வேறொரு பொருளைத் தயாரித்து, அளவு கட்டிய பிறகுதான் மருந்தானது. மில்க் திஸில் என்ற செடியின் விதையில் எடுக்கும் சிலிமரினையும் மலேசியாவில் 99 பேரிடம் 48 வாரம் சோதித்தார்கள். ஈரலில் விழுந்த தழும்பு குறைவதாக ஒரு நம்பிக்கை தெரிந்தது, ஆனால் முக்கிய இலக்கை எட்டவில்லை. குழம்பு மஞ்சளுக்குப் பயமில்லை. மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரையால் ஈரலே வீங்கியவர்கள் அமெரிக்காவில் உண்டு. மும்பையில் சீந்தில் கஷாயம் குடித்தவர்களுக்கும் அப்படி ஆனது. எங்கள் சித்தப்பா ஏதோ ஈரல் டானிக்கை நம்பி ஒரு வருஷம் நடக்காமல் இருந்துவிட்டார். எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பொதிகைக்காற்று: சித்தப்பா நடக்காததற்கு மூலிகை என்ன செய்யும்? நல்ல வைத்தியர் பத்தியமும் சேர்த்துத்தான் சொல்வார். பெரிய சோதனை நடக்காததாலேயே பலனில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

தாமிரபரணிக்கரை: பலனில்லை என்று சொல்லவில்லை, இன்னும் நிரூபணமாகவில்லை என்கிறேன். 7 முதல் 10 சதவீதம் எடை குறைந்தால் கொழுப்பும் வீக்கமும் இறங்குவது நிரூபணமானது.

வரப்போரம்: சரி, எனக்கு ஆறு கிலோ. இன்று ராத்திரியிலிருந்து சோற்றைப் பாதியாக்குகிறேன், காலையில் வாய்க்கால் கரையில் நடை. பாளையங்கோட்டைக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை கீழாநெல்லி வரப்பிலேயே இருக்கட்டும்.