விளையாட்டு வேளையில் என் மகன் பைகளுக்குக் காவல் இருக்கிறான், என்ன செய்யலாம்?

கேள்வி (தாய், தேவகோட்டை): ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்குப் பெருமூளை வாதத்தால் இடக்கால் வலுக்குறைந்திருக்கிறது, ஆனாலும் துணையின்றி நடப்பான். உடற்கல்வி வேளையில் மற்றவர்கள் கைப்பந்து ஆடும்போது இவனை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து விடுகிறார்கள். இரக்கத்தினால்தான் செய்கிறார்கள். ஆனால் எடை கூடிவருகிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. அவனையும் சேர்க்கச் சொல்லிக் கேட்பது முறையாகுமா?

பதில் (இயன்முறை மருத்துவர், காரைக்குடி): கட்டாயம் கேளுங்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்வதில்லை; ஆனால் பிள்ளை உயரும்போது எலும்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் இறுகிய தசை மேலும் இறுகும், அசையாமல் உட்கார்ந்திருந்தால் வலுவும் குறையும். 5 முதல் 17 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடற்செயல்பாடு வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. நடப்பதற்கே அவனுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் ஆற்றல் செலவாவதால், சற்று நேரம் ஆடி, சற்று நேரம் ஓய்ந்து, மறுபடி ஆடட்டும்.

பதில் (பெற்றோர், கோட்டையூர்): ஐம்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் இடத்தில் ஒருவனுக்காகத் தனிப்பயிற்சி நடத்த முடியுமா? விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு?

பதில் (ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், காரைக்குடி): தனிப்பயிற்சி தேவையில்லை, ஆட்டத்தை மாற்றினால் போதும். அமர்வுக் கைப்பந்து என்றொரு பாராலிம்பிக் ஆட்டம் உண்டு. ஆடுகளம் 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வலை ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர் உயரம்; பந்தைத் தொடும்போது இடுப்பு தரையை விட்டு எழக்கூடாது. வகுப்பு முழுவதையும் அப்படி உட்கார்த்தி ஆடவிட்டால், கைகளை ஊன்றி நகரத் திணறுவது ஓட்டத்தில் முந்தும் பிள்ளைகளாகவும் இருக்கலாம். நின்று ஆடுவதைவிட விழும் அச்சமும் குறைவு. நம் பக்கத்து வெயிலில் நண்பகல் பொட்டலில் மட்டும் உட்கார வைக்காதீர்கள், தொடை வெந்துவிடும். காலை வேளையோ கூரையுள்ள இடமோ நல்லது.

மேலும், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளில் மற்றவர்களுக்குச் சமமான விளையாட்டு வாய்ப்பும் இருக்க வேண்டுமென்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் சட்டத்தை முதலில் நீட்டாதீர்கள், அம்மா. எந்த அசைவுகள் கூடும், எவை கூடா என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு உடற்கல்வி ஆசிரியரை நேரில் பாருங்கள். “விலக்கு அளிக்கவும்” என்று மொட்டையாக எழுதிய சான்றிதழை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் துணிந்து பந்தைக் கொடுக்கமாட்டார்.