சரளை கூடுதலான குழியில் புல், குறைவான குழியில் வெறும் புதர் – ஏன் இப்படி?

கற்றுக்குட்டி:

எல்லோருக்கும் வணக்கம். மேய்ச்சல் நில மண் ஆய்வுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. படித்தது ஒன்று, குழிக்குள் பார்ப்பது வேறு. யாராவது தெளிவுபடுத்தினால் புண்ணியமாகப் போகும்.

நல்ல வறண்ட நிலம். மேலே சுண்ணாம்புக்கல் குன்று, அதன் அடிவாரச் சரிவு முழுக்க அங்கிருந்து உருண்டு வந்த சரளை. இருநூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு குழி எடுத்தேன். ஒரே சரிவு, ஒரே மழை, ஒரே கல். முதல் குழியைச் சுற்றிப் புல் நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது இடத்தில் புதர் மட்டும்தான், இடையில் எல்லாம் மொட்டைத் தரை.

முதல் குழியில் கண்மதிப்புக்குப் பாதிக்குப் பாதி சரளை. 90 செ.மீ. போனேன், அதற்குக் கீழேயும் கடப்பாரை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவதில் சரளை கால்வாசிகூடத் தேறாது, மண் பொலபொலவென்று அழகாக இருந்தது. ஆனால் 28 செ.மீ.யில் 'டங்'கென்று ஒரு வெள்ளைத் தட்டு. கடப்பாரை முனைதான் மழுங்கியது.

ஆய்வகத்திலிருந்து வந்த தாளைப் பார்த்தால் இன்னும் குழப்பம். பி.எச். இரண்டிலும் 8.1, 8.2. நான் பாதி என்று எழுதிய சரளையை அவர்கள் 65% என்கிறார்கள். கரிமம் 3.0% என்று போட்டிருக்கிறது. பாலைநிலத்தில் 3 சதவீதமா?

கல் குறைவான நல்ல மண்ணில் புல் ஏன் வரவில்லை?

குழிவெட்டி:

தம்பி, முதலில் 'கல் குறைந்தால் நல்ல மண்' என்ற எண்ணத்தைத் தூக்கிப் போடு. அது மழை நிறையப் பெய்யும் ஊர்க் கணக்கு. முப்பது வருஷமாகக் குழிக்குள் நின்றுகொண்டிருக்கிற ஆள் சொல்கிறேன், வறண்ட நிலத்தில் சரளை எப்போதும் எதிரியில்லை.

கணக்காகவே பார். சலித்த மண் மணற்பாங்கான வண்டல் என்று வைத்துக்கொள். செடி உறிஞ்சக்கூடிய நீரை அது தன் கன அளவில் ஏறக்குறைய 12% பிடிக்கும். கெட்டியான சுண்ணாம்புக்கல் பேருக்குக்கூடப் பிடிக்காது. 15 மி.மீ. மழை பெய்கிறது. கல்லே இல்லாத மண்ணில் அந்த நீர் 12 செ.மீ. இறங்குவதற்குள் தீர்ந்துவிடும். மறுநாள் வெயில் அடித்தால் அதில் பெரும்பங்கு ஆவியாய்ப் போய்விடும். பாதி கல்லாக இருக்கிற மண்ணில் அதே மழை 25 செ.மீ. வரை போகும். அவ்வளவு ஆழத்துக்கு வெயிலின் கை நீளாது, வேருக்குக் கிடைக்கும். 1973-ல் நாய்-மெயர் என்ற இஸ்ரேல் சூழலியலாளர் இதை விளக்கமாக எழுதினார்: ஈரமான நாட்டில் கனமான களிமண் செழிக்கும், வறண்ட நாட்டில் கரடுமுரடான மண்தான் செழிக்கும்.

ஆனால் சரளைக்கு இன்னொரு முகமும் உண்டு. மொத்தச் சேமிப்பைக் குறைத்துவிடும். உன் முதல் குழியில் 90 செ.மீ.க்கு 54 மி.மீ. நீர் தங்கும். கல்லில்லாமல் இருந்தால் 108. இரண்டாவதில் 28 செ.மீ.தான் ஆழம், அதில் கால்வாசி கல் போக 25 மி.மீ. கல் பாதியானாலும் ஆழம் மூன்று மடங்கு என்பதால் முதல் குழிதான் ஜெயிக்கிறது.

அந்த வெள்ளைத் தட்டு சுக்கான். மழைநீர் மேலே சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கும், கீழே போய்ச் சேருவதற்கு முன் காய்ந்துவிடும், கரைந்தது அங்கேயே படியும். குன்றிலிருந்து மட்டுமில்லை, காற்றில் வரும் தூசியும் சுண்ணாம்பைக் கொண்டுவந்து கொட்டும். 1966-ல் அமெரிக்காவின் தெற்கு நியூ மெக்சிகோவில் கைல், பீட்டர்சன், கிராஸ்மன் என்ற மண்ணியலாளர்கள் மூவரும் இதை நான்கு கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் கல்லின் அடியில் மெல்லிய பூச்சு, அப்புறம் கல்லைச் சுற்றி முழுப் பூச்சு, பிறகு கல் இடுக்கெல்லாம் அடைபடுவது, கடைசியில் அடைப்பின்மேல் ஏடு ஏடாகத் தட்டு. சரளை மண்ணில் இது சீக்கிரமே முடிந்துவிடும். அடைக்க வேண்டிய இடுக்கே குறைவுதானே.

இப்போது எனக்கு மூன்று விஷயம் வேண்டும். முதல் குழியின் கல்லை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வெள்ளைப் பூச்சு எந்தப் பக்கம் என்று சொல். இரண்டாவது இடத்தில் தரைமேல் கிடக்கும் கல்லையும் அப்படியே பார். மூன்றாவது, இதுதான் முக்கியம்: இரண்டாவது குழியைச் சரியாக எங்கே வெட்டினாய்?

பச்சைமண்:

குறுக்கே புகுந்ததற்கு மன்னிக்கவும். பி.எச். 8.2 என்றால் காரம் அதிகம்தானே? கந்தகத்தூளைத் தூவிப் பி.எச்.சை இறக்கினால் புல் வராதா? தோட்டத்தில் தொட்டிக்குச் செய்வதுண்டு.

சல்லடை:

ஆய்வகத்துப் பக்கத்திலிருந்து நான்.

பச்சைமண், தொட்டியில் நடக்கும், இங்கே நடக்காது. ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண் சுமார் 2,000 டன். அதில் 1% சுண்ணாம்பு என்றால் 20 டன். அந்த 20 டன்னைக் கரைக்க 6.4 டன் கந்தகம் வேண்டும். இந்த மாதிரி மண்ணில் 20% சுண்ணாம்பு சாதாரணம். மேலே சரளை பாதி என்று கழித்தாலும் லாரி லாரியாய்க் கொட்ட வேண்டியிருக்கும். ஒரு துளி சுண்ணாம்பு மிச்சமிருக்கும்வரை பி.எச். அசையாது. சுண்ணாம்பு மண் பெரும்பாலும் 7.8-க்கும் 8.4-க்கும் நடுவில்தான் நிற்கும். 8.5-ஐத் தாண்டினால் சோடியம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே அந்தக் கவலை இல்லை. இரும்பு, துத்தநாகம், பாஸ்பரஸ் மூன்றும் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மைதான். ஆனால் புல் இனம் லேசுப்பட்டதல்ல, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளை வேரிலிருந்து சுரந்து இழுத்துக்கொள்ளும். அங்கேயே பிறந்து வளர்ந்த செடிக்கு நாம் வைத்தியம் பார்க்கத் தேவையில்லை.

கற்றுக்குட்டிக்கு: நீங்கள் எழுதியது கன அளவு, ஆய்வகம் எழுதியது எடை. கல் ஒரு கன செ.மீ.க்கு 2.65 கிராம், இறுகாத மண் 1.4 கிராம். பாதிக்குப் பாதி கலந்தால் எடையில் கல் 65% வந்துவிடும். நீங்களும் சரி, அவர்களும் சரி. நீர்க் கணக்குக்குக் கன அளவைத்தான் எடுக்க வேண்டும்.

கரிமத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மொத்தக் கரிமத்தை எரித்து அளந்திருப்பார்கள். சுண்ணாம்பிலேயே 12% கரிமம் உண்டு. 20% சுண்ணாம்பு என்றால் அதிலிருந்தே 2.4% வந்துவிடும். மிச்சம் 0.6 தான் செடி, வேர் மக்கியதிலிருந்து வந்த கரிமம். அதுவும் 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண்ணுக்கு மட்டும். கல்லையும் சேர்த்து நிலத்துக்குக் கணக்கிட்டால் இன்னும் பாதியாகக் குறையும். அமிலம் விட்டுச் சுண்ணாம்பை நீக்கிய பிறகு அளந்தீர்களா என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். கேட்காதவரை யாரும் சொல்லமாட்டார்கள்.

குழிவெட்டி அண்ணனிடம் ஒரு சின்ன மறுப்பு. தட்டோடு நீர்க் கணக்கை முடித்துவிட்டீர்கள். நியூ மெக்சிகோவில் ஹோர்னாடா மேய்ச்சல் நிலத்துச் சுக்கானை எடுத்து அளந்தவர்கள், அது தானே நீரை உறிஞ்சி வைத்துச் செடிக்கு மெல்லக் கொடுக்கிறது என்று 2007-ல் காட்டியிருக்கிறார்கள். தட்டு என்றால் செத்த இடம் என்று எழுதிவிட முடியாது.

குழிவெட்டி:

ஒத்துக்கொள்கிறேன், சல்லடை. மேல் ஏடு விரிசல் விட்டிருந்தால் அப்படித்தான். வெடிப்புக்குள் வேர் நூல் நூலாய் இறங்கியிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஏடு கண்ணாடி மாதிரி மூடியிருந்தால் வேர் அதன்மேல் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். தம்பி, அதையும் பார்த்துச் சொல். ஒரு துண்டைப் பெயர்த்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடு, உள்ளே போகிறதா, மேலேயே நிற்கிறதா?

கற்றுக்குட்டி:

நேற்று மறுபடி போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது குழியைப் புதர் ஓரத்தில் வெட்டினேன். வெயில் தாங்கவில்லை, நிழலுக்காக.

முதல் குழிக் கற்களில் வெள்ளைப் பூச்சு அடிப்பக்கம் மட்டும்தான். மேல்பக்கம் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருக்கிறது. விரலை வைத்தால் அடியில் சொரசொரவென்று சின்னச் சின்ன முடிச்சுகள் தொங்குகின்றன. அமிலம் சொட்டியதும் பூச்சும் கல்லும் இரண்டுமே பொங்கின.

இரண்டாவது இடத்தில் தரைமேல் கிடந்தவற்றில் முப்பது கல்லைப் பொறுக்கினேன். பத்தொன்பதில் பூச்சு எல்லாப் பக்கமும், சிலதில் வானத்தைப் பார்த்து. நடுவே தட்டின் உடைந்த சில்லுகளும் கிடந்தன. சொட்டு விட்டுப் பார்த்தேன், ஏட்டின்மேல் முத்தாய் நின்றது. வேர்கள் நீங்கள் சொன்ன மாதிரியே பாய்தான்.

குழிவெட்டி:

நிழலுக்காகப் புதர் ஓரம் வெட்டாதவன் எவன்? நானும் வெட்டியவன்தான், அதனால்தான் கேட்டேன்.

காற்றும் வெள்ளமும் கொண்டுவரும் நுண்மண்ணைப் புதர் தன் காலடியில் பிடித்து வைத்துக்கொள்ளும். நீ 'அழகான மண்' என்று எழுதியது அந்த மேடு. அது அந்த நிலத்தின் மண்ணில்லை தம்பி, பக்கத்து மொட்டைத் தரையிலிருந்து திருடியது. சரளை குறைவாகத் தெரிந்ததும் அதனால்தான்.

கல் சொல்லும் கதை இன்னும் தெளிவு. பூச்சு மண்ணுக்குள்தான் உண்டாகும், கல்லின் அடியில். நீர் அங்கே தொங்கி நின்று காயும். கல்லைச் சுற்றிப் பூச வேண்டுமானால் இன்னும் கீழே, நெடுங்காலம் புதைந்து கிடந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட கல் இன்று வெளியே வெயில் காய்கிறது என்றால் அதன் மேலே இருந்த மண் எங்கே போயிற்று? அணிலோ முயலோ வளை தோண்டி ஒன்றிரண்டைத் தள்ளியிருக்கலாம். முப்பதுக்குப் பத்தொன்பதை எந்த முயலும் தள்ளாது. மண் அரித்துப் போய்விட்டது. புல் போனதால் மண் போனதா, மண் போனதால் புல் போனதா என்று கேட்டால் குழியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மந்தை கூடி மேய்ந்து மிதித்த இடமா என்று தெரிய, பக்கத்தில் பழைய தண்ணீர்த் தொட்டியோ மந்தைப் பாதையோ இருக்கிறதா என்று பார்.

முதல் இடத்துச் சரளையைக் கிளறும்படி யாராவது யோசனை சொன்னால் விடாதே. மழைத்துளியின் அடியைத் தாங்குவது அதுதான். கல்லைப் பொறுக்கிவிட்டு உழுதால் இரண்டாவது இடம் அங்கேயும் வந்துவிடும்.

மூன்றாவது குழி ஒன்று போடு. இரண்டு புதருக்கும் நட்ட நடுவே, மொட்டைத் தரையில். குடை கொண்டு போ.

கற்றுக்குட்டி:

போட்டுவிட்டேன். 15 செ.மீ.யில் தட்டு. சரளை கன அளவில் 45%. மேலே இரண்டு விரற்கடை மண் முழுக்க ஊசி முனை அளவுக் குமிழ்கள், ரொட்டியைப் பிய்த்த மாதிரி. மேலே ஊற்றிய தண்ணீர் இறங்காமல் ஓரமாக வழிந்தது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். 10 மி.மீ. வருகிறது. முதல் குழியில் 54.

தொட்டி ஒன்று இருக்கிறது. முன்னூறு மீட்டர் மேற்கே, சிமெண்ட் விரிசல் விட்டு, உள்ளே மணல் மேவிக் கிடக்கிறது. அதிலிருந்து இந்தப் புதர்க் காட்டை நோக்கி மூன்று பாதை தேய்ந்து கிடக்கின்றன.