சிவப்புக் கட்சிக்காகக் கதவு தட்டேக்க சந்திச்ச ஆக்கள்

2011 ஏப்ரல் கடைசிக் கிழமை, கனடாத் தேர்தல் நேரம், டொரன்டோவிண்ட ஸ்காபரோவில பின்னேரம் ஆறு மணிக்கும் நல்ல குளிர். லிபரல் கட்சி நோட்டீஸ் கட்டைக் கையில வச்சுக்கொண்டு ஒரு டவுன்ஹவுஸ் கதவைத் தட்டினன். திறந்தது எழுபது வயசு மதிக்கக்கூடிய ஒரு அம்மா, உள்ளுக்க மீன்குழம்பு கொதிக்கிற மணம். நான் வாய் திறக்க முதலே என்ர சிவப்புப் பட்ஜைப் பார்த்திட்டு, "தம்பி, எங்கட பிள்ளை நிக்குது, நீர் என்ன மற்றவைக்கு வேலை செய்யிறீர்?" எண்டு கேட்டா.

அவ சொன்ன பிள்ளை ராதிகா சிற்சபைஈசன். ஸ்காபரோ ரூஜ் ரிவர் தொகுதியில என்டிபி, அதாவது புதிய ஜனநாயகக் கட்சி சார்பா நிண்டவ. அந்தக் கேள்வி எனக்குப் புதுசில்லை, எங்கட வீட்டிலயே அதைத்தான் கேட்டவை. நான் அம்மாவுக்கு, 1971இல எங்கட கட்சிப் பிரதமர் பியர் ட்ரூடோ பன்முகப் பண்பாட்டைக் கொள்கையா அறிவிச்சது, 1982இல உரிமைச் சாசனம் வந்தது எண்டு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொன்னன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டிட்டு, "86இல நியூஃபவுண்ட்லாந்துக் கடலில மிதந்த தமிழ் அகதிகள் 155 பேரையும் உள்ளுக்க விட்டது மல்ரோனி, தம்பி, அவர் உங்கட கட்சியோ?" எண்டா. அப்ப பிரதமரா இருந்த அவர் எதிர்ப்பக்கத்துக் கன்சர்வேட்டிவ் கட்சி. எனக்குப் பதில் வரேல்ல. பிறகு தேத்தண்ணி தந்துதான் அனுப்பினா. அந்தத் தேத்தண்ணி ருசி இப்பவும் நாக்கில நிக்குது.

மே 2 இரவு ஒரு பள்ளிக்கூட ஜிம்மில கட்சி ஏஜென்டா இருந்தன். ஒன்பதரைக்கு வாக்களிப்பு முடிஞ்சு கதவைப் பூட்டினாப் பிறகுதான் பெட்டி திறக்கிறது. தேர்தல் அதிகாரி ஒவ்வொரு சீட்டா விரிச்சு, பேரை வாசிச்சு, எங்கள் எல்லாருக்கும் காட்டிப்போட்டு ஒவ்வொரு வேட்பாளரிண்ட அடுக்கிலயும் வைப்பா. கனபேர் பென்சிலால புள்ளடி போட்டிருப்பினம், சிலபேர் சரி அடையாளம் போட்டிருப்பினம், வட்டத்துக்குள்ள வடிவா இருந்தா ரெண்டும் செல்லும். ராதிகாவிண்ட அடுக்கு உயர உயர எனக்கு வயித்தைப் பிசைஞ்சது, ஆனா அதே நேரம் ஒரு தமிழ்ப் பெட்டை பாராளுமன்றம் போகப்போகுது எண்ட சந்தோஷமும் வந்தது, ரெண்டையும் ஒண்டாத் தாங்குறது கஷ்டமா இருந்தது. அந்தத் தொகுதி 1988இல இருந்து லிபரலிட்டயே இருந்தது. நாடு முழுக்கக் கட்சிக்குக் கிடைச்சது 34 சீட், தலைவர் இக்னாட்டியெஃப்கூடத் தன்ர தொகுதியில தோத்துப்போனார். ஆளும்கட்சியாகவும் இல்லாமல் பிரதான எதிர்க்கட்சியாகவும் இல்லாமல் லிபரல் மூண்டாம் இடத்துக்கு இறங்கினது வரலாற்றில அதுதான் முதல் தடவை. இதுக்கு முதல் 1984இல 40 சீட்டுக்கு விழுந்தும் எதிர்க்கட்சியாத்தான் நிண்டது, ஒன்பது வருஷத்தில தலைவர் ஷ்ரேட்டியெனோட 177 எடுத்துத் திரும்பி வந்தது. 34 எண்ட உடன கன அண்ணைமார் கட்சி முடிஞ்சுது எண்டு விலகிப்போச்சினம். எனக்கு மனம் வரேல்ல.

2015இல தொகுதி எல்லை மாறி ரூஜ் பார்க் புதுசா வந்து, ஹரி ஆனந்தசங்கரி லிபரலில நிண்டபோது வேலை செய்யப் பெடியள் நிறையப் பேர் வந்தினம். அந்த முறை கட்சி 34 சீட்டில இருந்து 184க்கு ஏறினது. நான் கதவுக்குக் கதவு சொன்ன பெரிய விஷயம் ஒண்டு, தொகுதியில ஆர் கூட வாக்கு எடுக்கினமோ அவைதான் வெல்லுற இப்ப இருக்கிற முறையில நடக்கிற கடைசித் தேர்தல் இதுதான், அடுத்ததுக்கு முதல் மாத்துவம் எண்டு கட்சி குடுத்த வாக்கு. அதை உண்மையா நம்பித்தான் சொன்னனான்.

இதில எனக்குப் பாடம் சொல்லித்தந்தவர் ஏர்போர்ட் லிமோ ஓடுற ஒரு அண்ணை. 2019இல அவற்ற வாசலில நிக்கிறன், ஆள் ஒரு கணக்குப் போட்டார். "2011இல கன்சர்வேட்டிவ் ஹார்ப்பர் 39.6 வீத வாக்கு எடுத்துப் பெரும்பான்மை, அப்ப நீங்கள் எல்லாரும் அநியாயம் எண்டு கத்தினியள். 2015இல நீங்கள் 39.5 எடுத்துப் பெரும்பான்மை, அப்ப அது நியாயமோ? முறையை மாத்துறம் எண்டதை 2017 பெப்ரவரியில கைவிட்டியள் தம்பி. என்ர வாசலில நிண்டு நீர்தான் சொன்னனீர்." அவர் சத்தம் போடேல்ல, அதுதான் கூட நொந்தது. நான் சொன்னன், அண்ணை, அது பிழை, கட்சிக் கூட்டத்தில எழும்பிச் சொல்லுவன் எண்டு. சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன். அந்த 2019 தேர்தலில வாக்கு கன்சர்வேட்டிவுக்கு 34.3 வீதம், லிபரலுக்கு 33.1, ஆனா சீட் அவைக்கு 121, எங்களுக்கு 157. 2021லயும் அதே கதை, வாக்குக் குறைவு, சீட் கூட. வெண்ட பக்கத்தில நிண்டுகொண்டு இதைக் கதைக்க ஆக்கள் விரும்பினமில்லை, ஆனா வெண்ட பக்கம்தான் கதைக்கவேணும் எண்டு நான் நினைக்கிறன், தோத்தவன் கதைச்சா ஆர் கேப்பினம்?

போன வருஷம், அதுதான் 2025 தேர்தல், திரும்பவும் அந்த டவுன்ஹவுஸ் வரிசைக்குப் போனன். ஜனவரியில கருத்துக்கணிப்பில இருபது புள்ளிக்கு மேல பின்னால நிண்ட கட்சி, பியரிண்ட மகன் ஜஸ்டின் ட்ரூடோ தலைமையில இருந்து விலகி மார்க் கார்னி வந்து ஏப்ரல் 28இல 169 சீட் எடுத்தது, இது நடக்குமெண்டு மார்கழியில ஆர் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டன். கதவைத் திறந்தது அந்த அம்மாவிண்ட பேத்தி, யூனிவர்சிட்டியில படிக்கிறா. முதல் வாக்கு என்டிபிக்குப் போட்டவவாம், மனசும் அங்கதானாம், ஆனா அந்த முறை லிபரலுக்கு எண்டு சொன்னா, சொல்லேக்க முகத்தில சந்தோஷமே இல்லை. அப்பிடி நினைச்ச ஆக்கள் நாடு முழுக்க இருந்திருக்கினம், என்டிபி 7 சீட்டோட நிண்டது, 12 இல்லாட்டி அதிகாரபூர்வக் கட்சி அந்தஸ்தும் இல்லை. எங்களுக்கு வந்த ஒரு வாக்கு எண்டு நோட்டில குறிச்சுக்கொள்ள எனக்குக் கை ஓடேல்ல. அவவுக்குப் பிடிச்ச கட்சிக்குப் போட்டும் அது வீணாப்போகாத ஒரு முறை வந்திருந்தா அந்தப் பிள்ளை அப்பிடி முழுசிக்கொண்டு நிண்டிருக்காது.

முத்தத்தில சைன் ஒண்டு நடட்டோ எண்டு கேட்டன். "ஐயோ வேண்டாம் மாமா, அம்மம்மா பார்த்தா விடமாட்டா" எண்டா. உள்ளுக்க இருந்து அதே குரல், இப்ப நல்லாத் தளர்ந்துபோய்க் கேட்டுது: "ஆரது, அந்தச் சிவப்புத் தம்பியோ? உள்ளுக்க வரச் சொல்லு, தேத்தண்ணி போடுறன்."